ஞானத்தாயா நிக்க ஒருத்தி

பிள்ளையப் பிடிங்கன்னு நான் வாயத் தொறக்கல பாத்தீங்களா, நீங்களாவே கைய நீட்டிட்டீங்க. நல்லா இருங்கக்கா. அந்தக் கண்டக்டரு 'உள்ள போ, உள்ள போ'ன்னு நெரிக்கான். ஒரு கையில பை, ஒரு கையில பிள்ள, கம்பியப் பிடிக்க மூணாவது கைக்கு எங்க போவ? பையக் கீழ வச்சுக்கிடுதேன். இல்ல, கீழ வேண்டாம், அதுல வெள்ளத் துணி இருக்கு. அதையும் வச்சுக்கிடுதீங்களா? உங்களுக்குப் பாரம். சரி, வைங்க.

அழுவாளோன்னு பயப்படாதீங்க. தெரியாத ஆளு தூக்கினா ஊரக் கூட்டுதவ, இன்னைக்கு என்னமோ உங்க மடியில பொம்ம கணக்கா இருக்கா. பிடிக்கிற பிடி அப்படி. எத்தன பிள்ள தூக்கின கையோ! ஏட்டி, அத விடு, அக்கா கழுத்து அறுந்துரும். வந்ததும் வராததுமா உங்க கழுத்துக் கயித்தப் பிடிச்சுக்கிட்டாளே. என்னக்கா அது, மாதா படம் வச்ச உத்தரியமா? அப்ப நம்ம வேதந்தானா நீங்க? ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யான்னு கேக்க வந்தேன், உத்தரியம் போட்டவகிட்ட அதக் கேக்கேன் பாருங்க. எனக்கு இப்பல்லாம் மூள அங்க இங்க போயிருது.

நாளைக்கு இவளுக்கு ஞானஸ்நானம். கோயில்ல திருமுழுக்குன்னுதான் சொல்லுதாவ, எனக்குப் பழைய வார்த்ததான் வாயில வருது. ரெண்டாம் பூசை முடிஞ்சதும் நாலஞ்சு பிள்ளைகளுக்குச் சேத்து. அதுக்குத்தான் தூத்துக்குடி வந்தேன், கவுன் எடுக்க. கவுன், தொப்பி, சின்ன மெழுகுதிரி, எல்லாம் அந்தப் பையிலதான் இருக்கு. பிள்ளைய விட்டுட்டு வர ஆளு இல்ல, அதான் தூக்கிக்கிட்டே கட கடையா ஏறினேன். வெயிலு வேற.

கேக்க மாட்டீங்களா பின்ன? கவுன் ஞானத்தாய்தான எடுக்கணும், தாயி எங்கயாவது எடுப்பாளான்னு கேக்கீங்க. அவதான் எடுத்தா. நான் போயி வாங்கிட்டு வாரேன், அவ்வளவுதான். அவளுக்கு வேலை இருக்கும்லா.

அன்னா, அந்தத் தாத்தா எறங்குதாவ. நகர வேண்டாம், நான் இப்படி ஓரமா உக்காந்துக்கிடுதேன். பிள்ளையத் தரட்டுமான்னு கேக்கீங்களா? இருக்கட்டுங்க்கா, தூங்கப் போறா. ஒங்களுக்குச் செரமம் இல்லைன்னா இருக்கட்டும். எனக்குத் தோளு ரெண்டும் கழண்டு போச்சு. நீங்க திருச்செந்தூர்தான? டிக்கெட் எடுக்கும்போது காதுல விழுந்துச்சு. தங்கச்சி வீட்டுக்கா? நானும் அங்கதான் எறங்கி வேற வண்டி பிடிக்கணும். எங்க ஊரு கடக்கரையில, சிலுவைத்துறை. நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, சின்ன ஊருதான், ஆனா வாயி பெருசு.

உங்ககிட்ட என்னத்துக்குப் பொய் சொல்ல? நாளைக்குப் பிறகு நீங்க யாரோ நான் யாரோ. ஞானத்தாய் இன்னும் கெடைக்கலக்கா. கவுன நானேதான் எடுத்தேன். விடிஞ்சா பூசை, பிள்ளையத் தூக்கிட்டு நிக்க ஒருத்தி இல்ல. எங்க வீட்டுக்காரவுக கப்பல்ல இருக்காவ, வர இன்னும் மாசம் கெடக்கு. ஃபோனுல சொன்னா, 'ஏதாவது ஒருத்தியப் பிடிட்டி'ங்காவ. பிடிக்கதுக்கு அது என்ன பஸ்ஸா?

ஆளு இல்லாம இல்ல. அத நெனச்சுராதீங்க. வாரேன் வாரேன்னு வந்தவளுகளத்தான் நான் வேண்டாம்னுட்டேன். எனக்கு ஒரு கணக்கு இருக்கு.

நான் தையக்காரி. எங்க ஊர்ல இந்தப் பத்துப் பன்னெண்டு வருஷத்துல ஞானஸ்நானம் வாங்கின பிள்ளைக பாதிக்கு மேல என் கவுனுதான் போட்டுருக்கும். 'பெர்னா, கழுத்துல லேசு வையி', 'பெர்னா, எம்பிள்ள குண்டு, கைய லூசா விடு.' தைச்சுக் குடுப்பேன். வாங்கிட்டுப் போவாவ. கல்யாணம் ஆயி எனக்கு ரொம்ப வருஷமா பிள்ள இல்லக்கா. அதனால ஒருத்தி, ஒரே ஒருத்தி, 'பெர்னா, நீ ஞானத்தாயா நில்லு'ன்னு கேட்டதில்ல. என் கவுன் கோயிலுக்குள்ள போவும், நான் போமாட்டேன். வயித்துல ஒண்ணு இல்லன்னா கையிலயும் ஒண்ணத் தரமாட்டாவ. எங்க ஊரு நாயம் அது.

யாரும் மொகத்துக்கு நேர சொல்ல மாட்டாவ. அதுதான் கொடும. 'ஒனக்குத் தையலு வேலை கெடக்கும்லா', 'எங்க மாமியா அவுக பக்கத்துல பேசி முடிச்சுட்டாவ', இப்படி ஏதாவது ஒண்ணு. நாம என்ன மடச்சியா? எனக்குத் தெரியாதா?

மத்தவளுகள விடுங்க. அமலின்னு ஒருத்தி. சின்னப் பிள்ளையில இருந்து ஒரே பெஞ்சு, ஒரே தட்டு. அவ மூத்த மவனுக்கு ஞானஸ்நானம்னதும் நான்தான்னு நெனச்சேன். அவ சொல்லல, நானா நெனச்சுக்கிட்டேன். வெள்ளைத் துணியில வெள்ள நூலுல கோதுமக் கதிரும் திராட்சக் கொலையும் போட்டு ஒரு கவுனு தைச்சேன் பாருங்க, அது மாதிரி அதுக்குப் பெறவு நான் தைச்சதில்ல. எனக்குன்னு ஒரு பட்டுச் சேலையும் எடுத்தேன். கோயில் வாசல்ல போயி, பிள்ளையத் தான்னு கைய நீட்டுதேன். அவ மாமியாக்காரி குறுக்க வந்து, 'பெத்த கை தூக்கட்டும்மா'ன்னா. சத்தங்கூடப் போடல. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. பக்கத்துல நின்ன அவ மவ கையில பிள்ளையக் குடுத்தா. அமலி தரையப் பாத்துக்கிட்டு நின்னா. நான் கவுனக் குடுத்துட்டு வெளிய வந்து மாதா கெபிப் பக்கத்துல நின்னேன், பட்டுச் சேலையோட. உள்ள சாமியாரு தண்ணி ஊத்துதது, பிள்ள வீல்னு கத்துதது எல்லாம் கேக்குது. அன்னைக்கு எனக்கு நெஞ்சுக்குள்ள ஏதோ அறுந்துட்டுக்கா. இன்னும் ஒட்டல.

அன்னைக்குப் பட்ட அவமானத்த நான் மறப்பேனா? பெறவு இவ உண்டானா. மாதா குடுத்த பிள்ள. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். வரட்டும் ஒவ்வொருத்தியா, எம்பிள்ளையத் தூக்க வரட்டும், அப்ப பேசிக்கிடுதேன்னு. வஞ்சமெல்லாம் இல்ல. நான் வஞ்சம் வைக்கிற ஆளு இல்ல. ஒரு நாயத்துக்குச் சொல்லுதேன்.

முதல்ல வந்தவ ரோஸ்லின் மைனி, அவுக அக்கா. மொறைக்கு அவதான் நிக்கணும். ஒரு டப்பா ஜிலேபியோட வந்தா. 'எங்க வம்சத்துக்கு ஒண்ணு வந்துட்டு'ன்னா. அவ வம்சமாம். பத்து மாசம் சொமந்து, கடைசி மூணு மாசம் கால நீட்டிப் படுத்தே கெடந்து பெத்தவ நான், வம்சம் அவுகளுக்கு! இத்தன வருஷமா நல்லநாள் பெரியநாளுக்கு வந்தா என் மூஞ்சியப் பாக்க மாட்டா, வயித்தத்தான் பாப்பா. 'யோசிச்சுச் சொல்லுதேன் மைனி'ன்னேன். அவ ஜிலேபி டப்பாவத் திரும்ப எடுத்துட்டுப் போயிட்டா. சத்தியமாக்கா, எடுத்துட்டுப் போயிட்டா. சிரிக்கீங்களே!

ரெண்டாவது எந்தம்பி பொண்டாட்டி. அவ நல்லவதான். ஆனா அவளுக்கு ஒரு பையன் இருக்கான், இவளுக்கு மொறப்பையன். ஞானத்தாயா நின்னா அவ இவளுக்கு இன்னொரு அம்மால்லா, பெறவு எப்படி அவ வீட்டுக்கே மருமவளாக் குடுக்க? சாமியாருகிட்டக் கேட்டேன். அவரு, 'பிள்ளைக்குப் பல்லே மொளைக்கல, அதுக்குள்ள பந்தல் போடுதியாம்மா? அப்படி ஒரு தடையும் கிடையாது'ன்னாரு. அவருக்கென்ன தெரியும், கல்யாணங் காச்சி இல்லாத மனுசன். வேண்டாம்னு சொல்லிட்டேன். அவளும் மொகத்தத் தூக்கிட்டா.

மூணாவது அமலியே வந்தா. ஆமா, அவதான். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வந்தாளோ. கையில அந்தக் கவுனு. நான் தைச்ச கவுனு, கோதுமக் கதிரு போட்டது. துவைச்சு நீலம் போட்டுத் தேச்சு, ஒரு சுருக்கம் இல்லாம வச்சிருந்தா. 'உன் கை வேலை, உன் பிள்ள போடட்டும் பெர்னா. நீ சரின்னா நான் நிக்கேன்'ன்னா. அவ கண்ணு ஈரமாத்தான் இருந்துச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'போட்ட துணிய எம்பிள்ளைக்குப் போடமாட்டேன், நான் புதுசு எடுத்துக்கிடுதேன்'னேன். கவுன மடிச்சு எடுத்துட்டுப் போயிட்டா. போவட்டும். வாசல்ல நின்னவளுக்குத் தெரியும் வாசலு எம்புட்டுச் சுடும்னு.

அதான் கடையில எடுத்தேன். நான் தைச்சா ஊரு கண்டுபிடிச்சுரும், 'தாயே தைச்சா, ஞானத்தாய்க்கு ஆளில்ல போல'ன்னு. கடைத் துணின்னா ஞானத்தாய் எடுத்ததுன்னு சொல்லிக்கிடலாம். தையலப் பாத்தா எனக்கு அழுகையா வருது, ஓரம் எல்லாம் இப்பவே பிரியுது. ஊருக்கே தைச்ச எனக்கு எம்பிள்ளைக்குத் தைக்கக் குடுத்து வைக்கல.

தூங்கிட்டாளா? கயித்த விடாமத் தூங்குதா பாருங்க, கழுதை.

நேத்து ஆயத்த வகுப்பு. தாய் தகப்பன், ஞானத்தாய் ஞானத்தகப்பன் எல்லாரும் வரணும். எல்லாரும் ஜோடி ஜோடியா, கூட்டங் கூட்டமா உக்காந்திருக்காவ. என் பக்கத்துல ஒரு நாற்காலி காலியா கெடக்கு. வந்தவுக எல்லாம், 'இங்க ஆளு வருதா?'ன்னு கேக்காவ. வருதுன்னேன். சாமியாரு என்னென்ன கேப்பாரு, என்னென்ன பதில் சொல்லணும்னு பழக்கிக் குடுத்தாரு. ஞானப்பெற்றோரப் பாத்து, 'இந்தத் தாய் தகப்பனுக்குத் துணையா இருப்பீங்களா?'ன்னாரு. எல்லாரும் 'இருப்போம்'ன்னாவ. நானும் சொல்லிட்டேங்க்கா. அந்தக் காலி நாற்காலிக்காகத்தான் வந்துட்டு போல, என்னையறியாம. சாமியாரு, 'நீங்க தாயி, நீங்க சொல்லக்கூடாதும்மா'ன்னாரு. எல்லாரும் சிரிச்சாவ. நானும் சேந்து சிரிச்சேன். வீட்டுக்கு வந்து பிள்ளைய மடியில போட்டுக்கிட்டு இருந்தேன், வெளக்கு போடக்கூடத் தோணல. எனக்குத் துணையா இருப்பேன்னு சொல்ல இந்த ஒலகத்துல ஒருத்தி இல்லையான்னு ஒரு நெனப்பு. கப்பல்ல இருக்கவுககிட்ட இதையெல்லாம் சொல்ல முடியுமா? சிக்னலு வேற போயிரும்.

சாமியாரு நல்ல மனுசன்தான். 'எந்த ஊருக்காரங்களா இருந்தாலும் சரிம்மா, உறுதிபூசுதல் வாங்கி, ஒழுங்காக் கோயிலுக்குப் போறவங்களா இருந்தாப் போதும். கடுதாசி கிடுதாசி வேண்டாம், அவங்க பங்குச்சாமிக்கு நான் ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுக்கிடுதேன். பூசைக்கு முன்னால ஆளக் காட்டு'ன்னாரு. இல்லாட்டி அடுத்த தடவ பாத்துக்கிடலாமாம். அடுத்த தடவன்னா? நாளைக்கு மத்தப் பிள்ளைக எல்லாம் வெள்ளச் சட்டையும் மெழுகுதிரியுமா வெளிய வரும், நான் மட்டும் எம்பிள்ளைய அப்படியே திரும்பத் தூக்கிட்டு வரணும். ரோஸ்லின் மைனி மொத வரிசையில நின்னு பாப்பா. அதுக்குக் கடல்ல எறங்கிரலாம்.

ஆத்தூரு வந்துட்டா? இனி எம்புட்டு நேரம்? வாழத் தோட்டமெல்லாம் வந்துட்டே.

அக்கா, நான் ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா நெனைக்கக்கூடாது. ஏறினதுல இருந்து பாக்கேன், கேக்காமலே கைய நீட்டினீங்க. இவளும் உங்க கயித்தப் பிடிச்சவ விடல. எனக்கு இது மாதா காட்டுத ஆளுன்னுதான் தோணுது. எங்கயோ போற பஸ்ஸுல எங்கயோ இருந்து வந்து... நீங்க நிக்கீங்களா? இவளுக்கு ஞானத்தாயா?

ஐயோ, அழாதீங்கக்கா. நான் என்ன சொல்லிட்டேன்? சரிங்கீங்களா? நெசமாவா? உங்க சாமியாரு சொல்லுவாருல்லா நீங்க கோயிலுக்குப் போறவுகன்னு? பாட்டுக் குழுவுல இருக்கீங்களா! பெறவென்ன! மாதாவே! தங்கச்சி வீட்டுல படுத்துட்டு வெள்ளன எழும்பி மொத வண்டியப் பிடிச்சா ரெண்டாம் பூசைக்கு வந்துரலாம். சேலையா? எதையாவது கட்டிட்டு வாங்க, நீங்க வந்தாப் போதும். கவுன நீங்க எடுத்ததாச் சொல்லிருவோம். இவ பேரு விண்ணரசி. சொல்லுங்க, ஒரு தடவ சொல்லுங்க உங்க வாயால. ஆமா, விண்ணரசி. ரோஸ்லின் மைனி கேட்டா, எங்க ஒண்ணுவிட்ட அக்கான்னு சொல்லிருதேன். ஆமா, சொல்லணும்னா தெரிஞ்சிருக்கணும்லா, உங்களுக்குப் பிள்ளைக எத்தன? எல்லாம் பெருசாயிருக்குமே?

என்னக்கா, தலைய ஆட்டுதீங்க?

இல்லையா? ஒண்ணுகூடவா?

ஓ.

இல்ல, அது ஒண்ணுமில்ல. ஆண்டவருக்குச் சித்தம் இல்லன்னா நாம என்ன செய்ய முடியும். நான் படாததா? எனக்குத் தெரியாதா? மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீங்க.

இல்லக்கா, அதுக்கில்ல. நான் அப்படிப்பட்ட ஆளா? நானே பட்டவல்லா. எனக்கு ஒரு இதுவும் கெடையாது. ஆனா ஊருன்னு ஒண்ணு இருக்குல்லா. நாளைக்கே இவளுக்கு ஒரு சளி காய்ச்சல்னா மைனி என்ன சொல்லுவா? உங்களத்தான் சொல்லுவா. உங்களுக்கு எதுக்கு அந்தப் பேரு? அதுவும் இல்லாம எங்க சாமியாரு ரொம்பக் கண்டிப்பு. வேற பங்கு ஆளுன்னா கடுதாசி வேணும்பாரு. ஃபோனா? ஃபோன்னு சொன்னாருதான். நாளைக்கு ஞாயித்துக்கெழமைல்லா, உங்க சாமியாரும் பூசையில இருப்பாவ, எடுக்கமாட்டாவ. உங்களுக்கும் தங்கச்சி வீட்டுல வேலை இருக்கும். எதுக்கு வீண் அலச்சல்.

பிள்ளையத் தாங்க. ரொம்ப நேரமா வச்சிருக்கீங்க, காலு மரத்துப் போயிருக்கும். முழிச்சாலும் பரவால்ல. இல்ல, தாங்க. தூக்கிப் பழகாத கைக்கு வலிக்கும்லா.

ஏட்டி, விடு. கயித்த விடுட்டி. நீங்க அசையாதீங்க, நான் வெரல எடுக்கேன். ஒரு வெரல எடுத்தா அடுத்த வெரல மடக்குதாளே. என்ன பிடி! விடுங்கேன்... ஆங், வந்துட்டு. அழாதட்டி, அம்மாகிட்டதான வந்துருக்க.

எங்கக்கா எழும்புதீங்க? இது ஆறுமுகநேரி. திருச்செந்தூரு இன்னும் வரல. திருச்செந்தூருக்குல்லா டிக்கெட் எடுத்தீங்க, நான் கேட்டேனே. இங்கயா எறங்குதீங்க? பைய... அந்தப் பையத் தந்துட்டுப் போங்க. ஆமா, அதுதான்.

பாத்தியா விண்ணரசி, ஒரு வார்த்த சொல்லாமப் போறா. ஆத்தாமையெல்லாம் கொட்டி எம்புட்டு நல்லாப் பேசிக்கிட்டு வந்தேன், திரும்பிப் பாக்காளா பாரு. இப்படித்தான் எல்லாரும். நமக்குன்னு வாய்க்கிறது அப்படி. அழாத, அழாத என் ராசாத்தி. உனக்கு ஒருத்தி கெடைப்பா.

வாங்கம்மா, உக்காருங்க, இங்க ஆளு இல்ல. பிள்ள சும்மாதான் அழுதா, தூக்கம் கலஞ்சுட்டு. கழுத்துல செபமாலையா அது? தப்பா நெனைக்காதீங்க, மொதல்லயே ஒண்ணு கேட்டுக்கிடுதேன். உங்களுக்குப் பிள்ளைக உண்டும்லா?